நாடு மாறும்போது எது எப்போது மாறுகிறது?

வேலை கிடைத்துவிட்டது, விசா வந்துவிட்டது, பெட்டியும் கட்டியாகிவிட்டது. விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து புது நாட்டில் வாழ்கிறோம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. குடிவரவுத் துறைக்கு ஒரு தேதி, வரித் துறைக்கு வேறொரு தேதி, ஓய்வூதிய நிதிக்கு இன்னொன்று, மருத்துவக் காப்பீட்டுக்கு மற்றொன்று. குடும்ப நீதிமன்றத்துக்குத் தேதியே கிடையாது. சூழ்நிலையைப் பார்த்து அது முடிவு செய்யும். ஒரே ஆள் ஒரே நாளில் ஒரு கணக்கில் புது நாட்டவர், இன்னொரு கணக்கில் பழைய நாட்டவர், மூன்றாவது கணக்கில் இரண்டிலும் இல்லாதவர். வெளிநாட்டுக்குக் குடிபெயர்பவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் முளைக்கின்றன என்பது என் கருத்து. தனிமை, மொழி, மனச்சோர்வு எல்லாமும் உண்டு. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

ஐ.நா.வின் கணிப்புப்படி 2024-ஆம் ஆண்டின் நடுவில் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் 30.4 கோடிப் பேர். உலக மக்கள் தொகையில் இது 3.7 விழுக்காடு. அகதிகள், மாணவர்கள், கட்டடத் தொழிலாளர்கள், மேலாளர்கள் என்று எல்லாரும் இதில் அடக்கம். அவர்களில் ஒரு சிறு பகுதியினரை மட்டுமே நிறுவனமே செலவு செய்து அனுப்புகிறது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஆண்டுக்கொரு முறை ஊர் போய்வர டிக்கெட், வரிக் கணக்கைப் பார்க்க ஒரு ஆலோசகர் என்று எல்லாம் அவர்களுக்குக் கிடைக்கும். மற்றவர்கள் தாங்களே வேலை தேடி, தாங்களே கையெழுத்துப் போட்டு, தாங்களே போய்ச் சேர்பவர்கள். சட்டங்கள் பெரும்பாலும் இரு தரப்புக்கும் ஒன்றேதான். வித்தியாசம், முதல் வகையினருக்கு யாராவது முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

வேலையோடு கட்டிப்போட்ட அனுமதி

பெரும்பாலான நாடுகளில் வெளிநாட்டு ஊழியரின் வதிவிட அனுமதி அவர் பெயரில் இருந்தாலும், உண்மையில் அது அவருடைய வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அனுமதியும் ஆட்டம் காணும். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அனுமதிக் காலம் அதற்கு முன்பே முடிந்தால் அதுவும் குறையும். இந்த 60 நாளே 2017-இல்தான் விதியில் ஏறியது. வெளியிலிருந்து வரும் திறன்மிக்க ஊழியர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் நீல அட்டை என்ற அனுமதியை 2021-இல் திருத்தியபோது, அட்டை பெற்று இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு மூன்று மாதமும், அதற்கு மேல் ஆனவருக்கு ஆறு மாதமும் வேலையில்லாமல் இருக்க இடம் கொடுத்தார்கள். கத்தாரில் 2020-இல் சட்டம் மாறும்வரை, வேறு வேலைக்குப் போகப் பழைய முதலாளியின் தடையின்மைச் சான்று வேண்டியிருந்தது.

சம்பளத்தைப் பற்றி வாரக்கணக்கில் பேரம் பேசுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறைகூடக் கேட்பதில்லை. வேலை போனால் நான் எத்தனை நாள் இருக்கலாம்? அந்த நாட்களுக்குள் வாடகை ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும், காரை விற்க வேண்டும், பிள்ளையின் பள்ளி ஆண்டு நடுவில் நிற்கும், வேலையும் தேட வேண்டும். 60 நாளில் இது அத்தனையும் நடக்குமா என்று யோசித்தால், அந்த ஊழியர் ஏன் முதலாளியிடம் குரலை உயர்த்திப் பேசுவதில்லை என்பதும் புரியும். அனுமதியின் நிபந்தனை அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெளியில் தெரியாத சம்பள வெட்டு என்று இதைச் சொல்லலாம்.

சில இடங்களில் சந்தையே இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. சிங்கப்பூர் வாடகை ஒப்பந்தங்களில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ (diplomatic clause) என்று ஒரு பிரிவு வழக்கமாக இருக்கும். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றலானாலோ, பொதுவாக முதல் 12 மாதம் கழித்து, இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வாடகைதாரர் வெளியேறலாம். தூதரக அதிகாரிகளுக்காகத் தொடங்கியதுதான், இப்போது எல்லா வெளிநாட்டு ஊழியர்களும் கேட்கிறார்கள். எந்த நாட்டில் வீடு எடுத்தாலும் இப்படி ஒரு பிரிவைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கொடுக்க மாட்டேன் என்றால் சரி, குறைந்தபட்சம் தெரிந்து கையெழுத்துப் போடலாம்.

முகவரி இல்லாமல் வங்கி இல்லை, வங்கி இல்லாமல் வீடு இல்லை

முதல் மாதத்தின் பெரிய எதிரி இந்தச் சுழல்தான். ஜெர்மனியில் வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் எழுத்துமூல உறுதி வேண்டும். பதிந்த பிறகுதான் வரி அடையாள எண் தபாலில் வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் அந்தத் தபால் திரும்பிப் போய்விடும். எண் வராதவரை நிறுவனம் உங்களை ஆறாம் வரி வகுப்பில் போட்டுப் பிடித்தம் செய்யலாம். பிடித்தத்திலேயே அதுதான் அதிகம். பிறகு திரும்பக் கிடைக்கும் என்றாலும், கையில் காசு தேவைப்படும் முதல் சம்பளத்தில் இது பெரிய அடி.

சுவீடனில் கதை வேறு. குறைந்தது ஓராண்டு தங்கப்போகிறீர்கள் என்று வரித் துறை நம்பினால்தான் மக்கள் பதிவேட்டில் சேர்த்து ‘பெர்சூனும்மர்’ என்ற தனிநபர் எண்ணைத் தரும். அந்த எண்ணைக் கேட்காத இடமே அங்கே குறைவு. 11 மாத ஒப்பந்தத்தில் போகிறவருக்கும் 12 மாத ஒப்பந்தத்தில் போகிறவருக்கும் நடுவே இருப்பது ஒரு மாதம் மட்டும் இல்லை, ஒரு வாழ்க்கை முறையே. ஜப்பானில் முகவரி அமைந்த 14 நாளுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும்.

தற்காலிக அறையாக இருந்தாலும் ‘இந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளலாமா?’ என்ற கேள்வியை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். மலிவாகக் கிடைக்கும் அறைகளில் பல, பதிவுக்கு அனுமதி இல்லாத காரணத்தால்தான் மலிவு.

ஆவணங்களில் நல்ல செய்தியும் உண்டு. ஒரு நாட்டின் பிறப்புச் சான்றிதழையோ பட்டத்தையோ இன்னொரு நாடு ஏற்க, முன்பு பல அலுவலகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முத்திரை குத்த வேண்டியிருந்தது, கடைசியில் போகிற நாட்டின் தூதரகம் உட்பட. 1961-இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை அதை ‘அப்போஸ்டில்’ என்ற ஒரே சான்றாகச் சுருக்கியது. சீனாவில் இது 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், இணையத்தில் உலவும் பழைய வழிகாட்டிகளை நம்பி இன்னும் தூதரக வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அப்போஸ்டில் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே சொல்லும். உள்ளே எழுதியிருப்பது சரியா, அந்தப் பட்டம் அங்கே செல்லுமா என்பது அதன் வேலையில்லை. மருத்துவர், செவிலியர், ஆசிரியர், வழக்கறிஞர் போன்றவர்களுக்குத் தகுதி அங்கீகாரம் தனிப் படலம். விசாவைவிட அதற்கே அதிக காலம் பிடிக்கலாம். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டத்தில் வேறொன்று, திருமணச் சான்றில் மூன்றாவது என்று இருந்தால் கிளம்பும் முன்பே சரிசெய்துவிடுவது நல்லது. தூரத்திலிருந்து செய்தால் ஒவ்வொரு திருத்தமும் மாதக்கணக்கில் இழுக்கும்.

கடன் வரலாறு எல்லை தாண்டுவதில்லை. இருபது ஆண்டு தவணை தவறாமல் கட்டியவரும் அமெரிக்காவில் இறங்கும்போது வெற்றுத்தாள்தான். அங்கே கடன் நம்பகத்தைக் காட்டும் வழக்கமான ஃபைகோ மதிப்பெண் வரவே ஒரு கடன் கணக்காவது ஆறு மாதம் பழையதாக இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் கெடு உண்டு: ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கிய உரிமம் ஜெர்மனியில் குடியேறியவருக்கு ஆறு மாதம் செல்லும், பிரிட்டனில் 12 மாதம்.

வரி: 183 என்ற எண்ணை நம்பாதீர்கள்

வெளிநாடு போகிறவர்களிடையே அதிகம் புழங்கும் எண் 183. ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்த நாட்டுக்கு வரி இல்லை என்பது பரவலான நம்பிக்கை. பல நாடுகளின் சட்டத்தில் இந்த எண் இருப்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் அது ஒரு திசையில் மட்டும் வேலை செய்கிறது. 183 நாள் தாண்டினால் நீங்கள் உள்ளே. தாண்டாவிட்டால் வெளியே என்று எங்கும் உறுதி இல்லை.

பிரிட்டனைப் பாருங்கள். 2013 ஏப்ரலில் அங்கே வந்த சட்டப்பூர்வ வதிவிடச் சோதனையில் நாட்களோடு ‘பிணைப்பு’களையும் எண்ணுகிறார்கள்: குடும்பம் அங்கே இருக்கிறதா, தங்க வீடு இருக்கிறதா, வேலை செய்கிறீர்களா, முந்தைய இரண்டு ஆண்டுகளில் 90 நாளுக்கு மேல் இருந்தீர்களா என்பவை போல. சமீப ஆண்டுகளில் பிரிட்டனில் வாழ்ந்து வெளியேறியவர், நான்கு பிணைப்புகளை வைத்துக்கொண்டு ஆண்டில் 16 நாள் போய்த் தங்கினாலே அங்கே வரி வதிவாளர், அதாவது வரிக் கணக்கில் அந்த நாட்டில் வாழ்பவர், ஆகிவிடலாம். ஜெர்மனியில் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போய்த் தங்கக்கூடிய வீடு ஒன்றைத் தக்கவைத்திருந்தாலே போதும், நாட்கணக்கு பின்னால் போய்விடும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பழைய வீட்டைக் காலி செய்யாமல் வைத்திருப்பவர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள்.

இரண்டு நாடுகளும் ‘இவர் எங்கள் வதிவாளர்’ என்று சொன்னால் என்ன ஆகும்? அதற்குத்தான் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்கள். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி.யின் மாதிரி ஒப்பந்தத்தில் நான்காவது பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் நிரந்தர வீடு எங்கே என்று பார்க்கும். இரண்டிலும் இருந்தால், குடும்பமும் பொருளாதாரமும் எங்கே அதிகம் பின்னியிருக்கிறது என்று பார்க்கும். அதிலும் தீராவிட்டால் வழக்கமாக எங்கே வாழ்கிறார், பிறகு எந்த நாட்டுக் குடிமகன், கடைசியில் இரண்டு அரசுகளும் பேசி முடிவு செய்யட்டும். இந்த வரிசையில் குடியுரிமை எவ்வளவு பின்னால் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். வரி விஷயத்தில் பாஸ்போர்ட்டைவிட வீட்டுச் சாவிக்கு மதிப்பு அதிகம்.

அமெரிக்கா இதற்கு விதிவிலக்கு. எங்கே வாழ்ந்தாலும் தன் குடிமக்கள் உலக வருமானத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. இதன் விளைவை உலகமே பார்த்தது, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான போரிஸ் ஜான்சன் விஷயத்தில். 1964-இல் நியூயார்க்கில் பிறந்ததால் அவர் அமெரிக்கக் குடிமகனும்கூட. சிறுவயதிலேயே அங்கிருந்து வந்துவிட்டவர், லண்டன் மேயராக இருந்தபோது லண்டனில் தன் வீட்டை விற்ற லாபத்துக்கு அமெரிக்கா வரி கேட்டது. அநியாயம் என்று கொதித்தார், அப்புறம் கட்டினார், 2016-இல் அமெரிக்கக் குடியுரிமையையே விட்டார்.

யாருக்குத் தெரியப்போகிறது என்ற காலமும் முடிந்துவிட்டது. வெளிநாட்டு வங்கிகள் அமெரிக்கர்களின் கணக்குகளைத் தெரிவிக்கச் செய்த ஃபட்கா சட்டம் 2010-இல் வந்தது. அதைப் பார்த்து ஓ.இ.சி.டி. 2014-இல் பொது அறிக்கையிடல் முறையை உருவாக்கியது. 2017 முதல் நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகவே பரிமாறிக்கொள்கின்றன. அமெரிக்கா அந்தப் பொது முறையில் சேரவில்லை என்பது தனி வேடிக்கை. பழைய ஊர் வங்கியில் முகவரி மாற்றாமல் விட்ட சேமிப்புக் கணக்கு இந்த வலையில் தப்பான நாட்டின் பேரில் பதிவாகும். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வருவது இப்படித்தான்.

கிளம்பும் நாளிலும் வரி உண்டு. கனடாவின் வரி வதிவிடத்தை விட்டு வெளியேறினால், உங்கள் பங்குகள் போன்ற பல சொத்துகளை அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகவே கருதி லாபத்துக்கு வரி போடுவார்கள். ஒரு பைசாகூடக் கைக்கு வந்திருக்காது. ஜெர்மனியிலும் நிறுவனமொன்றில் ஒரு விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவருக்கு இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. புதுத்தொழில் நிறுவனத்தில் பங்கு வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு இது அதிர்ச்சி தரும் செய்தி.

வரிச் சலுகை காட்டி ஆள் அழைக்கும் நாடுகளும் உண்டு. அவற்றை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். நெதர்லாந்து, வெளியிலிருந்து வரும் திறன்மிக்க ஊழியரின் சம்பளத்தில் 30 விழுக்காடு வரை வரியில்லாமல் கொடுக்க அனுமதித்தது. எட்டு ஆண்டு என்றிருந்ததை 2019-இல் ஐந்தாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே எட்டு ஆண்டுக் கணக்குப் போட்டு வந்து வீட்டுக் கடன் வாங்கியவர்களையும் அது தொட்டது. ஒரு சிறு இடைக்காலச் சலுகை மட்டும் கிடைத்தது. போர்ச்சுகல் 2009-இல் தொடங்கிய சலுகைத் திட்டத்தைப் புதியவர்களுக்கு 2024 தொடக்கத்தில் மூடியது. வெளிநாட்டவருக்குத் தரும் சலுகை, உள்ளூர் வாக்காளரின் எரிச்சல் கூடும்போது முதலில் பறிபோகும். அங்கே உங்களுக்கு ஓட்டு இல்லை.

நாலு நாட்டில் உழைத்து, ஒரு நாட்டிலும் பென்ஷன் இல்லாமல்

வரி இந்த ஆண்டே கடிக்கும் என்பதால் எல்லாரும் பேசுகிறார்கள். ஓய்வூதியம் முப்பது ஆண்டு கழித்துக் கடிக்கும். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு 40 புள்ளிகள் வேண்டும். ஆண்டுக்கு நான்குதான் சேரும், ஆக பத்தாண்டு. ஜப்பானில் முன்பு 25 ஆண்டு கட்ட வேண்டியிருந்தது, 2017-இல் பத்தாகக் குறைத்தார்கள். ஜெர்மனியில் ஐந்து ஆண்டு. மூன்றிலும் நான்கு நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டு சம்பளத்தில் பிடித்தம் போயிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எங்கும் தகுதி இல்லை.

இதைச் சரிக்கட்டத்தான் நாடுகள் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் போட்டிருக்கின்றன. ஒரு நாட்டில் கட்டிய காலத்தை இன்னொன்றில் தகுதிக்காகக் கூட்டிக்கொள்ளலாம். அப்புறம் ஒவ்வொரு நாடும் தன் பங்கை மட்டும் கொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இது எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது விதி. அமெரிக்கா 1978-இல் இத்தாலியோடு தொடங்கி இன்று சுமார் 30 நாடுகளோடு வைத்திருக்கிறது; அதன்படி அமெரிக்காவில் ஆறு புள்ளிகளாவது இருந்தால் கூட்டல் செய்வார்கள். ஒப்பந்தம் இல்லாத இரண்டு நாடுகளுக்கு நடுவே போனவருக்கு இந்த வழி அடைபட்டிருக்கும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் அந்த இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் உண்டா என்று தேடிப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

நிறுவனம் அனுப்பியவர்கள் வேறு வகை. ஐரோப்பாவுக்குள், சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் எந்த நாட்டில் என்று காட்டும் ஏ1 சான்றோடு போனால், பொதுவாக 24 மாதம் வரை அதைப் பழைய நாட்டிலேயே கட்டலாம். அமெரிக்காவின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஐந்து ஆண்டு.

ஜப்பானில் ஒரு வசதி உண்டு. பத்தாண்டு ஆகாமல் கிளம்பும் வெளிநாட்டவர், போன இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் கட்டியதில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். ஆனால் அதை வாங்கிய கையோடு அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து அழிந்துவிடும். பிற்பாடு வேறு நாட்டுக் காலத்தோடு கூட்ட முடியாது. இளவயதில் கைக்கு வரும் பணம் இனிக்கும். அறுபதில் அது எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

ஓய்வூதியம் பெற்ற பிறகு குடிபெயர்பவர்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வாங்குபவர் அமெரிக்காவுக்குப் போனால் ஆண்டுதோறும் உயர்வு கிடைக்கும். எல்லை தாண்டிக் கனடாவில் குடியேறினால் கிடைக்காது. தொகை அப்படியே உறைந்து நிற்கும். ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். தர்க்கம் தேட வேண்டாம். எந்த நாட்டோடு எப்போது என்ன ஒப்பந்தம் போட்டார்கள் என்பதன் எச்சம் இது.

மருத்துவக் காப்பீட்டைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சுவிட்சர்லாந்தில் குடியேறிய மூன்று மாதத்துக்குள் அடிப்படைக் காப்பீடு எடுக்க வேண்டும்; எடுத்ததும் பிரீமியம் வந்த நாளிலிருந்து கணக்காகும், அதனால் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிக்க முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதி நாட்களும் அடுத்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டும். பழைய நாட்டின் காப்பீடு நிற்கும் நாளுக்கும் புதியது தொடங்கும் நாளுக்கும் நடுவே தனிக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுங்கள். இதில் துணிச்சல் காட்ட ஒன்றுமில்லை.

கூட வருகிறவர்கள்

ஒருவருக்கு வேலை, மற்றவருக்குச் சார்பு விசா. இந்த ஏற்பாட்டில் இரண்டாமவரின் நிலையை நாடுகள் கையாளும் விதம் மிகவும் மாறுபடும். சிங்கப்பூரில் சார்பு அனுமதியில் இருப்பவர்கள் முன்பு எளிய ஒப்புதல் கடிதத்தோடு வேலைக்குப் போகலாம். 2021 மே முதல் அவர்களில் பெரும்பாலோருக்குத் தனி வேலை அனுமதியே வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி ஊழியரின் துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் 2015 முதல் வேலை செய்ய வழி திறந்தது. முதன்மை விண்ணப்பதாரரின் நிரந்தர வதிவிட மனு குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருக்க வேண்டும். பத்தாண்டு வேலை அனுபவம் உள்ள ஒருவர் வங்கிக் கணக்கு திறக்கக்கூடத் துணைவரின் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்பது குடும்பத்துக்குள் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

யாரும் கிளம்பும்போது பேச விரும்பாத ஒன்று இருக்கிறது: அங்கே போன பிறகு மணவாழ்க்கை முறிந்தால்? 1980-ஆம் ஆண்டின் ஹேக் குழந்தைக் கடத்தல் உடன்படிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அது பார்ப்பது குழந்தையின் குடியுரிமையை இல்லை; ‘வழக்கமான வதிவிடம்’ எது என்பதை. பள்ளியில் சேர்ந்து, நண்பர்கள் பிடித்து, வாழ்க்கை அங்கே வேர்விட்டால் புது நாடே அந்தக் குழந்தையின் வழக்கமான வதிவிடமாகிவிடும். அதற்குத் தேதி கிடையாது. நீதிமன்றம் உண்மைகளைப் பார்த்துச் சொல்லும். அப்புறம் ஒரு பெற்றோர், மற்றவரின் ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் குழந்தையைச் சொந்த நாட்டுக்கே கூட்டிப்போனாலும் அது சட்டத்தின் பார்வையில் கடத்தல். இதோடு விசாவைச் சேர்த்துப் பாருங்கள். மணமுறிவு ஆனதும் சார்பு விசா காலாவதியாகும், அந்தப் பெற்றோர் நாட்டை விட்டுப் போக வேண்டும், குழந்தையை அழைத்துப் போக முடியாது. இரண்டு சட்டங்களும் தனித்தனியே நியாயமானவை. சேரும் இடத்தில் ஒரு மனிதர் நசுங்குகிறார். சார்பு விசாவில் போகிறவர் முடிந்த அளவு சீக்கிரம் தன் பெயரில் ஓர் அனுமதி பெற முயல்வது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

உயிலும் இதே கணக்கில் வரும். 2015 ஆகஸ்டு 17 முதல் டென்மார்க், அயர்லாந்து தவிர்த்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், ஒருவர் இறந்தால் அவர் கடைசியாக வழக்கமாக வாழ்ந்த நாட்டின் வாரிசுச் சட்டமே பொதுவாகப் பொருந்தும். தன் குடியுரிமை நாட்டின் சட்டம்தான் வேண்டும் என்றால் உயிலில் எழுதி வைக்கலாம். ஒரு வரி போதும். எழுதாமல் விட்டால், வாரிசுக்குக் கட்டாயப் பங்கு ஒதுக்கும் நாட்டில் உங்கள் விருப்பம் எடுபடாமல் போகலாம்.

மனம் எந்தக் கணக்கில் சேரும்?

‘கலாசார அதிர்ச்சி’ என்ற கருத்தைப் பரப்பியவர் கனடிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க். 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் சங்கத்தில் பேசிய உரை அது. 1960-இல் கட்டுரையாக வெளிவந்தது. முதலில் தேன்நிலவு, பிறகு எரிச்சல், பிறகு மெல்லத் தேறுதல் என்று படிகள் சொன்னார். 1955-இல் நார்வேயின் சமூகவியலாளர் ஸ்வேரே லிஸ்கார்ட், அமெரிக்கா போய்வந்த நார்வே ஃபுல்பிரைட் உதவித்தொகையாளர்களை ஆராய்ந்து, மனநிலை மேலே தொடங்கிக் கீழே இறங்கி மறுபடி ஏறும் வளைவை முன்வைத்தார். அன்றிலிருந்து இடமாற்றப் பயிற்சிகளில் அந்த வளைவைக் காட்டாத ஆளில்லை.

ஆனால் எல்லாருக்கும் முதலில் தேன்நிலவு வருகிறதா? உளவியலாளர் காலீன் வார்டும் அவருடைய சகாக்களும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் எழுதினார்கள். மனநெருக்கடி அதிகமாக இருந்தது வந்திறங்கிய தொடக்கத்தில்தான், நடுவில் இல்லை. எனக்கு இது இன்னும் நம்பத்தக்கதாகப் படுகிறது. முகவரிப் பதிவு, வங்கி, வீடு, புது வேலை எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் விழும் மாதத்தில் தேன்நிலவுக்கு நேரம் ஏது? முதல் வாரமே அழுகை வந்தால் தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று எண்ணுபவர்களுக்கு இந்த ஆய்வைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பழைய கதையும் அடிபட வேண்டியது. வெளிநாட்டுப் பணிக்குப் போகிறவர்களில் பத்தில் நான்கு பேர் தோற்றுத் திரும்புகிறார்கள் என்று மேலாண்மை நூல்கள் பல காலம் சொல்லிவந்தன. மேலாண்மை ஆய்வாளர் ஆன்-வில் ஹார்சிங் 1995-இல் அந்த எண்களின் மூலத்தைத் தேடிப்போனார். உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியே அது வளர்ந்திருந்தது.

மொழிக்கு மட்டும் ஓரளவு நேர்மையான எண் உண்டு. அமெரிக்கத் தூதரக ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் கழகம், ஆங்கிலம் பேசுபவர் அலுவலகத் தரத்தில் ஜப்பானியமோ அரபியோ கற்கச் சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்கிறது. வேலை முடிந்து வாரத்துக்கு ஐந்து மணி நேரம் படித்தால் எட்டு ஆண்டுக்கு மேல். ‘அங்கே போனால் தானாக வந்துவிடும்’ என்று எண்ணுபவர்கள் இதைப் பெருக்கிப் பார்க்கலாம். அதற்காகக் கடைக்கும் பேருந்துக்கும் போதுமான மொழியைத் தள்ளிப்போடக் கூடாது. அது சில மாதத்தில் வந்துவிடும்.

வெளியே போன நாட்கள்

நிலைத்துவிடலாம் என்று முடிவு செய்த பிறகு எண்ணப்படுவது, நீங்கள் இல்லாத நாட்கள். பிரிட்டனில் நிரந்தர வதிவிடத்துக்கான பல வழிகளில், எந்த 12 மாதத்தை எடுத்தாலும் வெளியே இருந்தது 180 நாளைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வதிவிடத்துக்கு ஐந்து ஆண்டு வேண்டும். பொதுவாக ஒரே தடவையில் ஆறு மாதமும் மொத்தத்தில் பத்து மாதமும் உச்சவரம்பு. கனடா நிரந்தர வதிவாளர் ஐந்து ஆண்டில் 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும். வயதான பெற்றோரைப் பார்க்கப் போய் நான்கு மாதம் தங்கியவர்கள், வேலை நிமித்தம் பறந்துகொண்டே இருப்பவர்கள் இந்தக் கணக்கில் தவறுகிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் பாஸ்போர்ட் முத்திரையிலிருந்து தோண்டி எடுப்பதற்குப் பதில், முதல் நாளிலிருந்தே போன தேதி, வந்த தேதியை ஒரு தாளில் எழுதி வாருங்கள். அதே தாள் வரித் துறைக்கும் உதவும்.

குடியுரிமை வேண்டுமா என்பது அதற்குப் பிந்தைய கேள்வி. ஜெர்மனி 2024 ஜூன் முதல் பழைய குடியுரிமையை விடாமலே தன் குடியுரிமையைத் தருகிறது. சிங்கப்பூர், ஆஸ்திரியா போன்றவை பொதுவாக விடச் சொல்கின்றன.

ஓட்டுரிமையில் குழப்பம் இன்னும் அதிகம். பிரிட்டன், வெளிநாட்டில் 15 ஆண்டு ஆனவர்களுக்கு ஓட்டில்லை என்ற தடையை 2024 ஜனவரியில் எடுத்தது. நியூசிலாந்து, தன் குடிமகனாகாத நிரந்தர வதிவாளரையும் ஓராண்டு வாழ்ந்த பிறகு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க விடுகிறது. ஆகவே நியூசிலாந்தில் நிரந்தர வதிவிடம் பெற்ற பிரிட்டிஷ்காரர் ஒருவர் இரண்டு நாடாளுமன்றங்களுக்கும் ஓட்டுப் போடலாம். பத்தாண்டாக ஜெர்மனியில் வாழ்ந்து வரி கட்டும் அயர்லாந்துக் குடிமகனால் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கும் போட முடியாது, அயர்லாந்து நாடாளுமன்றத்துக்கும் போட முடியாது; உள்ளாட்சித் தேர்தலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும்தான் அவருக்கு உண்டு.